ஐஸ் குச்சியும் காகிதக் கூடையும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, வீட்டில் விளக்கேற்றுகிற வேளைக்கு, நான்காம் வகுப்பில் வாசிக்கும் என் பேத்தி புத்தகப் பையைக் கூடத்து மூலையில் இறக்கிவிட்டு நேரே என் நாற்காலியண்டை வந்து, "தாத்தா, வீட்டிலே வேண்டாம்னு கிடக்கிற சாமானை வெச்சு அழகா ஏதாவது செஞ்சு நாளைக்கே கொண்டு வரணுமாம், மிஸ் சொல்லிட்டாங்க" என்றாள். எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. வேண்டாம் என்று கிடக்கிற சாமான்களுக்கு எங்கள் வீட்டில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. துணி கிழிந்து கம்பி மட்டும் மிஞ்சிய குடைகள் இரண்டு, விளிம்பு உதிர்ந்த ஊறுகாய் ஜாடி ஒன்று, பத்தேகாலில் நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்று, நாற்பது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு, இவை போதாவென்று நான் மறந்துபோனவையும் என் மனைவி மறக்காதவையுமான பல வஸ்துக்கள் பரணில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கண்காட்சிபோல் பரப்பிவைக்க நான் எழுந்திருக்குமுன்பே குழந்தை என் கையைப் பற்றி, "அதெல்லாம் வேண்டாம் தாத்தா, ஐஸ் குச்சி வாங்கணும், கடைக்கு வாங்க" என்று வாசலுக்கு இழுத்தாள்.

தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் ஐம்பது ஐஸ் குச்சிகளைக் கண்ணாடித்தாள் பையில் போட்டு ஒட்டி விற்கிறார்கள். எந்தக் குழந்தையின் நாக்கும் படாத, இயந்திரத்தில் அறுத்து வழவழப்பாக்கிய, புத்தம் புதுக் குச்சிகள் அவை. அவற்றோடு ஜிகினாத் தூள் ஒரு குப்பி, ஆடுகிற கருவிழி வைத்த பிளாஸ்டிக் பொம்மைக் கண்கள் ஒரு அட்டை, பசை ஒரு குழாய், வெள்ளி நாடா ஒரு சுருள் என்று குழந்தை விரல் நீட்டி நீட்டிக் கேட்க, கடைக்காரரும் கேட்குமுன்பே எடுத்து வைத்துக்கொண்டே, "நாளைக்கு ஸ்கூல்ல கழிவுப்பொருள் காம்படிஷன் இருக்குதுங்களா சார்? காலையிலேருந்து இது பதினெட்டாவது பாக்கெட்" என்று சிரித்தார். அன்றிரவு ஜாம் தீர்ந்த ஒரு கண்ணாடிப் புட்டியைச் சுற்றி அந்தக் குச்சிகளை ஒட்டி, கண் வைத்து, ஜிகினா தூவி, பேனா செருகும் குப்பி ஒன்று தயாராயிற்று. கைவேலை முழுவதும் என் மருமகளுடையது. போட்டிக்குரிய கலைஞரோ பத்து மணிக்கே உறங்கிவிட்டாள். பள்ளிக்கூடத்து மேஜையில் ஒரு வாரம் கொலுவிருந்துவிட்டு அது வீடு திரும்பியது. அதன்பின் அதில் பேனாவை வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், குழந்தையின் மோர்சாதத்தில் ஜிகினா மின்னியதும் போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் எடுக்க வந்தவரிடம் மற்றவற்றோடு அதையும் நீட்டியபோது, அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெறும் பாட்டிலா இருந்தா எடுத்துக்குவேன் சார், இப்ப இது குப்பை" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அந்த வார்த்தை என் மனத்தில் தைத்துவிட்டது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தவரை அந்தப் புட்டி குப்பையாக இருக்கவில்லை. அதில் மிளகு போட்டு வைத்திருக்கலாம், கறிவேப்பிலைக் கொத்தை நீரில் நிறுத்தியிருக்கலாம், ஒன்றுக்கும் உதவாதென்றால் கடைக்குப் போய் உலையில் உருகி மறுபடியும் புட்டியாகவே பிறந்திருக்கலாம். குச்சியும் கண்ணும் பசையும் அதன் உடம்பில் ஏறிய பிறகுதான் அதன் ஜன்மாந்தரங்களெல்லாம் அற்றுப்போயின. ஜிகினாத் தூள் என்று நாம் ஆசையாகத் தூவுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் ஏட்டில் உலோகப் பூச்சுப் பூசிப் பொடிப்பொடியாக நறுக்கியதேயன்றி வேறில்லை; நீரிலும் மண்ணிலும் கலந்தால் திரும்பப் பொறுக்க முடியாதென்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தார் 2023 அக்டோபர் முதல் அதனை உதிரியாக விற்பதைத் தடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இங்கே அதை விலைகொடுத்து வாங்கித் தூவிவிட்டு, கழிவிலிருந்து கலை செய்தோம் என்று குழந்தைக்குச் சான்றிதழும் கொடுக்கிறோம். இந்த விஷயத்தில் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பழைய சாமானை வைத்துக் கைவேலை செய்ய உட்காருமுன் கடைக்குப் போகவேண்டி நேர்ந்தால், அந்தக் கைவேலையைச் செய்யாமலிருப்பதே அந்தச் சாமானுக்கு நாம் செய்யும் உபகாரம்.

என் தகப்பனாருடைய வேஷ்டியின் சரித்திரம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. இரண்டு வருஷம் அது கோயிலுக்கும் கச்சேரிக்கும் போய்வந்தது. கரை மங்கியபின் வீட்டோடு இருந்தது. நடுவில் நைந்து கிழிந்ததும் இரண்டு துண்டுகளாகிக் குளத்துக்குப் போயிற்று. பின்பு என் தம்பி பிறந்தபோது, வெகுநாள் வெளுத்து மெத்தென்றாகிவிட்ட அந்தத் துணியைவிடக் குழந்தையின் மேனிக்கு இதமானது வேறில்லை என்று அவனுக்கு விரிப்பாயிற்று. அங்கிருந்து அடுக்களைக்கு வந்து, சாதப்பானையை இறக்கும் கரித்துணியாகி, கறுத்து, கடைசியில் கரிபடாத ஓரங்களை மட்டும் கிழித்து என் தாயார் தொடைமேல் வைத்துத் திரித்த திரிகளாய்க் கார்த்திகை அகல்களில் எரிந்து முடிந்தது. இதை யாரும் கலை என்று சொன்னதில்லை. ஆயினும் எந்தப் படியில் எதை வெட்டவேண்டும், எதை மடிக்கவேண்டும் என்ற தீர்மானத்தில் ஒரு நயமான புத்தி வேலை செய்துகொண்டே இருந்தது.

இந்த வரிசை நம் வீடுகளுக்கு மாத்திரம் உரியதன்று. பௌத்தர்களுடைய வினய பிடகத்தில் ஒரு கதை வருகிறது. கோசம்பி நகரத்து அரசனாகிய உதேனன், அதாவது நம்முடைய பெருங்கதைக்குத் தலைவனான அதே உதயணன், தன் அந்தப்புரத்து மாதர்கள் புத்தரின் சீடராகிய ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானமாகக் கொடுத்துவிட்டார்களென்று கேள்வியுற்று, இந்தச் சந்நியாசி என்ன துணிக்கடையா வைக்கப் போகிறார் என்று சினந்து அவரையே போய் விசாரித்தான். ஆடை நைந்துபோன பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்தளிப்பதாக ஆனந்தர் சொல்ல, அவர்களுடைய பழைய ஆடைகள் என்னவாகும் என்று அரசன் கேட்டான். அவை மேல்விரிப்பாகும் என்றார். பழைய மேல்விரிப்பு மெத்தையுறையாகும், பழைய மெத்தையுறை தரைவிரிப்பாகும், அது கால்மிதியாகும், கால்மிதி தூசி துடைக்கும் துணியாகும் என்று அரசன் கேட்கக் கேட்க அவர் படிப்படியாக இறங்கிக்கொண்டே போய், துடைக்கும் துணியும் நைந்தபின் அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று முடித்தார். மனம் குளிர்ந்த அரசன் இன்னும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்தான். அதே பிடகத்தில், வரப்புகளால் கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடந்த மகத நாட்டு நெல்வயல்களைக் காட்டி, அந்த அமைப்பிலே துணித்துண்டுகளை இணைத்துச் சீவரம் தைக்கமுடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்ட செய்தியும் இருக்கிறது. ஒட்டுப்போட்ட துணியில் வயலின் சௌந்தரியத்தைக் கண்ட கண் எத்தகைய கண்!

வங்காளத்துக் கிராம ஸ்திரீகளின் காந்தா வேலையும் இந்த மரபைச் சேர்ந்ததே. உடுத்து நைந்த சேலைகளையும் வேஷ்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழஞ்சேலைக் கரைகளிலிருந்தே வர்ண நூலை உருவி எடுத்து, அந்த நூலாலேயே ஓட்டுத்தையலாகத் தைத்துத் தாமரையும் மீனும் யானையும் பல்லக்கும் எழுப்பினார்கள். நூலுக்குக்கூட அவர்கள் கடைக்குப் போகவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இப்பொழுது காந்தா என்ற பெயரில் புதுப்பட்டின்மேல் புதுநூலால் தைத்து விற்கும் சேலைகளும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை தையல் வேலை என்ற கணக்கில் சேருமேயன்றி இந்தக் கணக்கில் சேரா.

நம் பக்கத்தில் இதற்கு ஈடாக நான் கண்டது காகிதக் கூடை. கும்பகோணத்துக்குச் சமீபத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் என் பெரியம்மா வருஷந்தோறும், மாசி பிறந்து வெயில் நிலைத்த பிறகு, இந்தக் கூடைகளைச் செய்வாள். பழைய செய்தித்தாள்களையும் எழுதித் தீர்ந்த நோட்டுப் புத்தகங்களையும் அட்டை நீக்கிக் கிழித்து, பெரிய மண்தொட்டியில் ஊறப்போட்டு, நாள்தோறும் நீரை மாற்றிக்கொண்டே வரவேண்டும். முதல்நாள் நீர் அச்சுமை கலங்கிக் கறுத்து வரும், மூன்றாம் நாளைக்குச் சாம்பல் நிறமாகும். ஊறிய காகிதத்தைக் கையால் பிசைந்தால் சோற்றுப்பதம் காணவேண்டும். காணாவிட்டால் இன்னும் ஒரு நாள். முந்தின இரவே ஊறவைத்த வெந்தயத்தை ஆட்டுக்கல்லில் போட்டு நுரைக்க நுரைக்க ஆட்டி, அதோடு காகிதத்தைப் பிழிந்து பிழிந்து போட்டு, நாரும் கட்டியும் தெரியாமல் வெண்ணெய்போல் வழியும்வரையில் ஆட்டுவாள். பசையும் காவலும் அந்த வெந்தயமே. அதன் வழவழப்பு காகிதத்தை இறுக்கிப் பிடிக்கிறது, அதன் கசப்புக்குப் பூச்சி அண்டுவதில்லை. பிறகு ஒரு வெண்கலப் பானையைத் திண்ணையில் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணியைச் சுருக்கமில்லாமல் போர்த்தி, ஆட்டிய கூழைக் கீழிருந்து மேலாக அப்பிக்கொண்டே போவாள். கனம் எங்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் மெலிந்தால் காயும்போது அங்கேதான் வெடிக்கும். உள்ளங்கையை நீரில் தொட்டுத் தொட்டு அவள் அந்தப் பானையை வழித்து மெழுகிய விதத்தை, எண்ணெய் தேய்த்துக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளின் கைக்கு ஒப்பிடுவேன்.

முதல் நாள் நிழலிலும் பின் நாட்களில் வெயிலிலும் உலர்ந்தபின், விரலால் சுண்டினால் கணீரென்றில்லாவிட்டாலும் ஒருவகைக் கட்டைச் சத்தம் கேட்கும்; அப்பொழுது பானையை விட்டு மெல்லக் கழற்றி, அடிப்பாகத்திலும் விளிம்பிலும் பழஞ்சேலைத் துண்டுகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவாள். கடைசி அலங்காரமாகச் சென்ற வருஷத்து நாட்காட்டியிலிருந்து ஒரு லக்ஷ்மி படத்தை வெட்டி ஒட்டுவது வழக்கம். "மிளகாய் வற்றலுக்கு மகாலக்ஷ்மியைக் காவல் வைத்துவிட்டாயே" என்று பெரியப்பா ஒவ்வொரு வருஷமும் ஒரே பரிகாசத்தைச் செய்வார். அவளும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கேட்பவள்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கூடைகளில் வற்றலும் வடகமும் உளுந்தும் நமுத்துப்போகாமல் இருந்தன. காகிதமாகையால் தூக்க இலேசு. கீழே விழுந்தால் உடையாது. எலி கடித்த ஓட்டையை அடுத்த வருஷத்துக் கூழால் அடைத்துவிடலாம். முற்றும் பாழானாலோ தொட்டியில் போட்டால் மறுபடியும் கூழ்தான்.

இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பெரியம்மா இந்தச் சிரமத்தையெல்லாம் கலைத்தாகத்தால் மேற்கொண்டாள் என்று நான் நினைக்கவில்லை. கையில் காசில்லாத வீடு. சாமான் வைக்கப் பாத்திரம் போதாத வீடு. பெண்களின் பகற்பொழுதுக்கு விலை கிடையாது என்று ஆண்கள் தீர்மானித்திருந்த காலம். தெருவில் எவர்சில்வர் பாத்திரக்காரன் வந்து, பழந்துணிக்கும் பட்டுப்புடவைக்கும் பாத்திரம் தருகிறேன் என்று கூவியபோது, ஜரிகை கறுத்த தன் கூறைப்புடவையைக் கொடுத்து மூடிபோட்ட இரண்டு சம்புடங்களை வாங்கிக்கொண்டவளும் அவளேதான். அன்று அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். ஆகவே பழமை எல்லாம் பொற்காலம் என்று பாடுகிற கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடக் கூடாது. அவளுடைய வறுமையை நான் வேண்டவில்லை; அவளுடைய விரல் அறிந்திருந்த விஷயத்தைத்தான் வேண்டுகிறேன்.

"உபயோகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீரே, வெறும் அழகுக்கு உம்முடைய உலகத்தில் இடமே இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். அவரை நான் சண்டிகருக்கு அழைத்துப்போவேன். தேசப் பிரிவினையில் சொந்த ஊர் பாகிஸ்தானத்தில் நின்றுவிட, இந்தப் பக்கம் வந்து அந்தப் புதிய நகரத்தின் பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டராக அமர்ந்த நேக் சந்த் என்பவர், நகரத்தை நிர்மாணிப்பதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் சிதைவுகளிலிருந்து உடைந்த வளையல்களையும் பீங்கான் சில்லுகளையும் ஓட்டையும் குழாயையும் மின்சாரச் சாமான்களையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், சுக்னா ஏரியருகே யாரும் நுழையக்கூடாத காட்டில் 1957 முதல் இரவு நேரங்களில் ஒரு ராஜ்ஜியத்தையே எழுப்பிக்கொண்டிருந்தார். நடனமாடும் மாதர்கள், குரங்குகள், மயில்கள், குடம் சுமப்பவர்கள் என்று படைபடையாக நின்ற உருவங்களை அதிகாரிகள் கண்டுபிடித்தபோது ஏறக்குறைய பதினெட்டு வருஷங்கள் கழிந்திருந்தன. சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கவேண்டியதை, ஜனங்களின் ஆதரவு கண்டு, 1976-ல் திறந்துவைத்து, அவருக்குச் சம்பளமும் உதவியாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீயும் வந்தது. 2015-ல் அவர் காலமாகும்வரை அந்தக் கற்பூங்கா வளர்ந்துகொண்டிருந்தது. வளையற்சில்லால் ஆடை உடுத்தி நிற்கும் அந்தப் பெண்ணுருவங்களால் ஒருவருக்கும் ஒரு படி அரிசி அளக்க முடியாது என்பது மெய். ஆனால் அந்தச் சில்லுகளை அவர் கடையில் புதிதாக வாங்கி உடைக்கவில்லை. அவர் செலவிட்டதில் பெரும்பகுதி இரவுகள்.

நம் வீடுகளிலும் வெறும் அழகுக்கென்று ஒரு காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. இரும்புப் படிகளை விலைக்கு வாங்கி மாட்டுகிற நாகரிகம் வருமுன், நவராத்திரிக் கொலுப்படி என்பது தகரப்பெட்டி, பெஞ்சி, மண்ணெண்ணெய் டின், பலகை, அட்டைப்பெட்டி ஆகியவற்றை உயரவாரியாக அடுக்கி, வெளுத்த வேஷ்டியால் எல்லாவற்றின் மானத்தையும் மறைத்துக் கட்டியதுதான். பக்கத்தில் பிள்ளைகள் போடும் பூங்காவில் சுவரிலிருந்து இறங்கிய முகக்கண்ணாடி குளமாயிற்று, தாம்பாளத்து மண்ணில் தூவிய கடுகும் கேழ்வரகும் முளைத்துப் புல்வெளியாயிற்று, தீப்பெட்டிகள் வீடுகளாயின. பண்டிகை முடிந்து பொம்மைகளைப் படுக்கவைத்த மறுநாள் காலையில் பெட்டிக்குள் துணி போயிற்று, டின்னுக்குள் எண்ணெய் போயிற்று, கண்ணாடி ஆணிக்கு ஏறிற்று, பெஞ்சியில் தாத்தா உட்கார்ந்தார். ஒன்றும் ஒட்டப்படவில்லை, ஆகையால் ஒன்றும் கெடவில்லை.

பள்ளிக்கூடங்களின்மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். 1937-ல் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழிலைப் பாடத்துக்குப் பக்கத்தில் வைக்கும் ஊறுகாயாக அவர் நினைக்கவில்லை. அதன் வழியாகவே கணக்கும் பூகோளமும் வரவேண்டுமென்றும், பிள்ளைகள் செய்வது விலைபோகும் தரத்தில் இருக்கவேண்டுமென்றும் கேட்டார். விலைபோகவேண்டும் என்ற அந்த நிபந்தனையை அக்காலத்திலேயே பலர் கடுமையென்று ஆட்சேபித்தார்கள். எனக்கும் அது குழந்தைகளுக்குப் பாரமென்றே தோன்றுகிறது. ஆனால் நாம் இன்று வந்துசேர்ந்திருக்கிற இடம் மற்றொரு கோடி: பிள்ளை செய்யாததை, பெற்றோர் செய்து, ஆசிரியை மதிப்பெண் போட்டு, ஒரு வாரத்தில் எறிவது. நான் படித்த பள்ளியில் தக்ளியில் நூற்கச் சொன்னார்கள். என் நூல் பத்துத் தடவை அறுந்தது. பதினோராம் தடவை அறாமல் வந்த நூலின் நீளம் ஒரு முழம். அந்த ஒரு முழத்தின் கர்வம் எனக்கு இன்னமும் இருக்கிறது.

நம் ராஜ்யத்தில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களை 2019 ஜனவரி முதல் தடைசெய்து, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தையும் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆயினும் விழாக்களில் கட்டுக்கட்டாகப் புது மஞ்சள் பைகளை விநியோகிக்கும்போது, ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் முழங்கால் நைந்த பேண்ட் ஒன்று இரண்டு பைகளாக மாறக் காத்துக்கொண்டிருப்பது யார் ஞாபகத்துக்கும் வருவதில்லை. கால் குழாயின் கீழ்வாயைத் தைத்து மேல்வாய்க்கு இடுப்புப்பட்டையால் பிடி வைத்தால் தீர்ந்தது. நான்காம் வகுப்புக் குழந்தைக்கு ஊசி நூல் பழக இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு அம்மாள், கடைகளில் அட்டைப்பெட்டிகளைக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டைகளை வாங்கிவந்து கூடை முடைகிறார். புது ஒயரில் சிவன் கண்ணும் நெல்லிக்காயும் போட்டுப் பழகிய கை அது. மஞ்சளும் நீலமும் மாறிமாறி வரும் அவருடைய கூடையில் தேங்காயும் பூசணியும் வைத்துத் தூக்கலாம். மாதிரி வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தார் அந்த அம்மாளை ஒருநாள் அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைக்கலாம்.

பழைய பேப்பர்காரர் பேனாக் குப்பியைத் திருப்பிக் கொடுத்த அன்று நான் பேத்தியிடம் பெரியம்மாவின் கூடைக்கதையைச் சொன்னேன். மிஸ் குறித்த தேதி கடந்துவிட்டபடியால் இனி அதற்கு மதிப்பெண் கிடையாது என்பதைத் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டபின்னும், அவள் பழைய செய்தித்தாள்களைத் தானே கிழித்துக் கொல்லைப்புறத்து வாளியில் ஊறப்போட்டாள். இதை நான் எழுதுகிற இன்று மூன்றாம் நாள். காலையிலேயே நீரை மாற்றிவிட்டு, இரண்டு கைகளும் கறுத்திருப்பதை வந்து காட்டினாள். இன்றிரவு வெந்தயம் ஊறப்போடவேண்டும். எவ்வளவு காகிதத்துக்கு எவ்வளவு வெந்தயம் என்று பெரியம்மாவிடம் நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் மனைவி கால்படி வேண்டும் என்கிறாள். அடுத்த வீட்டு அம்மையார் இரண்டு கைப்பிடி தாராளம் என்கிறார். மிக்ஸியில் இதை அரைக்கலாமா கூடாதா என்ற விவாதம் அடுக்களையில் இன்னும் முடியவில்லை.